அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது, சிகோங் வகுப்பில் சேர்க்கலாமா? (கடலூர், புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்கள்)

மஞ்சக்குப்பம்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்துவிட்டது, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வாரம் ஒரு முறை பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். 12-ல் 5 முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ரேடியேஷன்.

சிகிச்சையில் குறை சொல்ல எதுவும் இல்லை. கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஒரு வாளி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக் காயப்போட்டவர், இப்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். தூங்கி எழுந்தாலும் அந்த அசதி போவதில்லை. தூக்கமும் சரியாக இல்லை. ராத்திரி 2 மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "தூக்கம் வரலை, நீ படு" என்பார்.

போன ஞாயிறு சித்தி வீட்டுக்குப் புதுச்சேரி போயிருந்தோம். காலையில் கடற்கரைச் சாலையில், வண்டிகளை விடாத நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் கடலைப் பார்த்து நின்று மெதுவாகக் கையை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு "இதை நானும் செய்வேன் போலிருக்கே" என்றார். ஐந்து மாதத்தில் அவராக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

சொல்லிக்கொடுக்கும் அம்மா இது சீனப் பயிற்சி, சிகோங் என்று பெயர், புற்றுநோய் வந்தவர்களுக்கு ரொம்ப நல்லது என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. நல்லது என்றால் எதற்கு நல்லது? இடது கையைத் தூக்கலாமா? பாதத்தில் வேறு மரமரப்பு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளம்73:

முதலில் ஆன்காலஜி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் தங்கச்சி. அப்புறம் மற்றதெல்லாம்.

பிசியோ_அரியாங்குப்பம்:

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். மார்பக அறுவை முடிந்தவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. உப்பளம் ஐயா சொன்னதுபோல டாக்டரிடம் கேட்டாக வேண்டும். ஆனால் "சிகோங் செய்யலாமா" என்று மொட்டையாகக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் அவர் "செய்யுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லி அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ரத்த அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன, எலும்புக்குப் பரவியிருக்கிறதா, போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைப்பது) வைத்திருந்தால் அது எந்தப் பக்கம், கை எவ்வளவு உயரம் போகலாம். இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் முக்கால்வாசி முடிவு கையில் இருக்கும்.

சிகோங்கில் பல வகை உண்டு. கடற்கரையில் நீங்கள் பார்த்தது அநேகமாகப் பாதுவான்ஜின். எட்டு அசைவுகள் கொண்ட பழைய தொகுப்பு. முதல் அசைவில் இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் வானத்தைத் தாங்குவதுபோல உயர்த்துவார்கள். இரண்டாவது வில்லை இழுப்பது. அம்மாவின் இடது தோளை இந்த இரண்டும் நன்றாகப் பிடித்து இழுக்கும். அதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை. தோள் இறுகிப்போகாமல் இருக்க இழுப்பு வேண்டும்தான். முதல் வாரம் மார்பு உயரம், அது வலியில்லாமல் வந்தால் தோள் உயரம், அப்புறம்தான் தலைக்கு மேல்.

கணு எடுத்த கையை ஆட்டவே கூடாது என்று ஒரு காலத்தில் எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருந்தோம். கை வீங்கிவிடும் என்று குடம் தூக்கவிடாமல், குழந்தையைத் தூக்கவிடாமல் வைத்திருந்தோம். 2009-ல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. கண்காணிப்போடு, சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. பலம் கூடியது. அதிலிருந்து நாங்களும் மாறிக்கொண்டோம். ஆனால் அளந்து பார்க்க வேண்டும். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே என்று மூன்று இடத்தில் இரண்டு கையையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், வாரம் ஒரு முறை. வளையல் இறுகுவதுபோல் இருக்கிறது, கை கனக்கிறது என்று அம்மா சொன்னால் அடுத்த ஓபி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பாதம்தான் எனக்குக் கவலை. பாக்லிடாக்ஸல் மரமரப்பு உள்ளவர்களுக்குத் தரை எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. பாதுவான்ஜின் எட்டாவது அசைவில் நுனிக்காலில் எழும்பிக் குதிகாலைத் தொப்பென்று போடுவார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பி மெதுவாக இறங்கினால் போதும். எலும்புக்குப் பரவியவர்களுக்கு அந்தத் தொப் கூடவே கூடாது, முறுக்கித் திரும்புவதும் கூடாது. ஐந்தாவது அசைவில் தாழ்வாக நின்று தலையைச் சுழற்றுவார்கள், ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குத் தலைசுற்றும். அதை விட்டுவிடலாம். எட்டில் ஐந்து செய்தாலும் அது பயிற்சிதான்.

இன்னொன்று. மணலில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள். கிளிஞ்சல் குத்தினால்கூட அவருக்குத் தெரியாது. பின்னால் வார் வைத்த செருப்பு போடட்டும்.

ஆரோவில்_பாதை:

நான் இரண்டு வருடமாகச் செய்கிறேன். சி என்பது உயிர்ச்சக்தி. அது தடைபட்ட இடத்தில்தான் நோய் வருகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் உள்ளங்கை வழியாகவே சக்தியைக் கட்டி இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடியும். நம்பிக்கையோடு செய்தால் கட்டி கரையும்.

நெல்லிக்குப்பத்தான்:

மேலே எழுதியவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து அந்தக் கடைசி வரியை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

என் பெரியப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போட்டவர், 61 வயதிலும் தானே மோட்டார் போடப் போவார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள். முதலில் கீமோ, ரேடியேஷன், பிறகு அறுவை என்று தெளிவாகச் சொன்னார்கள். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வாய் முழுக்கப் புண். ரசம் சாதம்கூட எரிந்தது. அந்த நேரத்தில் ஒருவர் ஒரு மையத்துக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம், அது இப்போது அங்கே இல்லை. சக்தி சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, கை வைத்தல். "கீமோ உங்கள் சக்தியைக் கொல்கிறது, நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்றார்கள். பெரியப்பா நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் வாய்ப்புண் ஆறத்தானே செய்யும்? அதை அந்தச் சிகிச்சையின் வெற்றி என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். நானும்தான் நினைத்தேன். 45,000 ரூபாய் கட்டினோம்.

நான்கு மாதம் கழித்து மஞ்சள் காமாலையோடு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்லீரலில் பரவியிருந்தது. டாக்டர் எங்களைத் திட்டவில்லை. பழைய சீட்டை எடுத்து, வர வேண்டிய தேதியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சிகோங்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை சகோதரி. உங்கள் அம்மா செய்யட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் யார் சொல்லிக்கொடுத்தாலும், மருந்தை நிறுத்து, தள்ளிப்போடு, டாக்டரிடம் சொல்லாதே, இந்த மூன்றில் ஒன்று வாயிலிருந்து வந்தால் அன்றோடு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்_மகள்:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்கிறேன். பிசியோ சொன்னபடி டேப் வாங்கிவிட்டேன். இரண்டு கையும் இப்போது ஒரே அளவாகத்தான் இருக்கிறது.

முத்தியால்பேட்டை_வாசகன்:

நான் மருத்துவர் இல்லை. என் மனைவிக்குச் சிகிச்சை நடந்த இரண்டு வருடத்தில் கையில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் உட்கார்ந்து படித்தவன். அதிலிருந்து எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் நண்பரின் பெரியப்பாவுக்கு நடந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழுவின் இன்னொரு ஆய்வு, சிகிச்சையோடு சேர்த்து மற்ற முறைகளைச் செய்தவர்களைப் பார்த்தது. அவர்களுக்கும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. காரணம் அந்த முறைகளில் இருந்த விஷம் எதுவும் இல்லை. அவர்களில் பலர் அறுவையையோ கீமோவையோ ரேடியேஷனையோ ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று மறுத்திருந்தார்கள். மறுப்பைக் கணக்கிலிருந்து கழித்ததும் வித்தியாசமும் போய்விட்டது. எனக்கு அதில் ஆறுதல்தான் கிடைத்தது. அம்மா 12 கீமோவையும் ரேடியேஷனையும் முழுசாக எடுத்துக்கொண்டு கூடவே கையை உயர்த்தி இறக்கினால் அதில் இழக்க எதுவும் இல்லை.

சரி, பெற என்ன இருக்கிறது? கட்டிக்கு ஒன்றும் இல்லை. அசதிக்கும் மனத்துக்கும் இருக்கிறது. சிட்னியில் 162 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. 10 வாரம் சிகோங் செய்தவர்களுக்கு அசதி குறைந்தது, மனநிலை மேம்பட்டது. ஷாங்காயில் ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 96 பெண்களை வைத்து, அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2013-ல் வந்தது. செய்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், பத்துப் பேரோடு சேர்ந்து நிற்பதே ஒரு தெம்பு இல்லையா? அந்தத் தெம்புக்கு எவ்வளவு, மூச்சுக்கு எவ்வளவு? 2015-ல் அமெரிக்காவில் இதையே பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்தும் அசதி தீராத 87 பெண்கள். பாதிப் பேருக்குச் சிகோங்கும் தாய்ச்சியும் (அதுவும் ஒரு மெதுவான சீனப் பயிற்சி) கலந்த பயிற்சி. மீதிப் பேருக்கு அதே மாதிரி மெதுவான அசைவுகள், ஆனால் மூச்சைக் கவனிப்பதும் மனத்தை ஒருமுகப்படுத்துவதும் இல்லை. தூக்கமும் மனச்சோர்வும் இரண்டு பக்கமும் தேறின. அசதி மட்டும் மூச்சோடு செய்தவர்களுக்குத்தான் கூடுதலாகக் குறைந்தது. ஆகவே ஆசிரியர் மூச்சைப் பற்றிச் சொல்லும்போது அதைச் சடங்கு என்று தள்ள வேண்டாம்.

2024-ல் அமெரிக்க ஆன்காலஜி சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து அசதிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டன. சிகிச்சை நடக்கும்போது செய்ய வேண்டியவற்றில் உடற்பயிற்சி அதில் முதல் வரிசையில் இருக்கிறது. தாய்ச்சி, சிகோங் இரண்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்ற இடத்தில் இருக்கின்றன.

ஆரோவில் நண்பருக்கு ஒரு வார்த்தை. உள்ளங்கையால் சக்தி அனுப்புவதைச் சீனாவே பார்த்துவிட்டது. 1980-களில் அங்கே சிகோங் ஒரு அலை மாதிரி அடித்தது. அரங்கம் நிறைய ஆட்களை உட்கார வைத்துச் சக்தி அனுப்புகிறோம் என்றார்கள். 1990-களில் அரசு இறுக்கிப் பிடித்தது. 2000-களின் தொடக்கத்தில் அவர்களுடைய விளையாட்டுத் துறையே நான்கு தொகுப்புகளை எடுத்து ஒழுங்குபடுத்திப் பரப்பியது. பாதுவான்ஜின் அதில் ஒன்று. ஆசிரியர் நமக்கு அனுப்புவது என்ற பேச்சு அதில் இல்லை, நம் கையும் நம் மூச்சும்தான்.

பண்ருட்டி_பலாமரம்:

நம்மிடம் பிராணாயாமம் இருக்கிறது, வாசியோகம் இருக்கிறது. போகரே சீனாவோடு தொடர்புள்ளவர் என்று சொல்வார்கள். எதற்குச் சீனாக்காரனிடம் போக வேண்டும்? ஜிப்மரிலேயே யோகாவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதே.

லாஸ்பேட்டை_நடையர்:

யோகாவே செய்யலாம் அண்ணா, தாராளமாக. வழிகாட்டுதல்களில் யோகாவுக்கும் இடம் உண்டு. நான் ஏன் இதற்கு வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பெருங்குடலில். 2021-ல் அறுவை, வயிற்றில் பை வைத்தார்கள். தரையில் உட்கார முடியாது, குனிய முடியாது, குப்புறப் படுக்க முடியாது. யோகா வகுப்புக்குப் போனால் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சிகோங் நின்றுகொண்டே செய்வது. உட்கார்ந்தும் செய்யலாம். குனிகிற ஆறாவது அசைவு வந்தால் எங்கள் ஆசிரியர் என் பக்கம் திரும்பி "நீங்க முழங்கால் வரைக்கும்தான்" என்பார். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்ல மறந்ததில்லை.

எனக்கு ஓடியது ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து. குளிர் பட்டால் விரல் நுனியில் ஊசி குத்தும். மார்கழி மாதம் கடற்கரையில் நின்றால் காற்றே குத்தும். பழைய சாக்ஸின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். சுண்டல் விற்கும் அம்மா ஒருநாள் கூப்பிட்டு, சூடான பாத்திரத்தின் மேல் என் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் தினமும் அங்கேதான் கை காய்ச்சுவேன்.

நான் அதிகம் செய்வது நடை. இரண்டு குட்டி மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே, எல்லாம் மூக்கு வழியாக, நடையின் தாளத்தோடு. குவோ லின் என்ற சீன ஓவியர் கற்றுக்கொடுத்த முறை இது. அவருக்குக் கருப்பையில் புற்றுநோய். 1970-களில் பீஜிங் பூங்காக்களில் நோயாளிகளைக் கூட்டி நடக்க வைத்தார், 1984-ல் காலமானார். அவர் கதையைச் சொல்பவர்கள் பலமுறை அறுவை செய்துகொண்டவர் என்பதை விட்டுவிட்டு, நடந்தே குணமானார் என்கிறார்கள். அது அவருக்கும் நியாயமில்லை, கேட்கிற நோயாளிக்கும் நியாயமில்லை.

எனக்குக் கிடைத்தது என்ன? கீமோ முடிந்து மூன்றாம் நாள் உடம்பு என்னுடையதில்லை என்பதுபோல் இருக்கும். ஊசி போட ஒருவர், பை மாற்ற ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர். காலையில் அந்த இருபது நிமிடம் மட்டும் என் மூச்சை நான் இழுத்து நான் விடுவேன். எனக்கு அது பெரிய விஷயம். உங்கள் அம்மா கடற்கரையில் அதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒன்று கவனியுங்கள். என் ஆசிரியர் முதல் நாள் பணம் வாங்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார். புரியாத இடத்தில் "இதைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். உங்கள் ஆசிரியரிடமும் ஃபைலை நீட்டிப் பாருங்கள். கையை நீட்டி வாங்குகிறாரா, வேண்டாம் என்கிறாரா என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

உப்பளம்73:

கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் இறங்கும் என்று என் மருமகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாரா வாரம் போடுகிறவர்களுக்கு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இருமுகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். காய்ச்சல் 100.4 தொட்டால் பயிற்சியும் வேண்டாம், வீட்டு மாத்திரையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

மஞ்சக்குப்பம்_மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 8 கீமோ முடிந்தது.

காலை 5 மணி பஸ்ஸில் போய், ஓபியில் எங்கள் முறை வரும்போது 11 ஆகிவிட்டது. பிசியோ சொன்ன நான்கு கேள்வியையும் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் படித்துவிட்டு, "என்ன அசைவு, செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அம்மா அந்தச் சின்ன அறையில் எழுந்து நின்று, கடற்கரையில் பார்த்ததை நினைவு வைத்து இரண்டு கையையும் உயர்த்தினார். வலது கை காதைத் தாண்டிப் போனது. இடது கை மார்போடு நின்றுவிட்டது. டாக்டர் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, செய்யலாம், கீமோ ஏற்றும் நாள் மட்டும் ஓய்வு, இடது கை மெதுவாக என்று சீட்டிலேயே எழுதிக்கொடுத்தார்.

ஆசிரியரிடம் ஃபைலை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். "புற்றுநோய்க்கு நல்லதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே, எதுக்கு நல்லது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூங்கறதுக்கு, பயம் குறையறதுக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றார். அன்றே சேர்த்துவிட்டேன்.

புதுச்சேரிக்கு ஞாயிறு மட்டும்தான் போகிறோம். 22 கிலோமீட்டர் தினமும் முடியாது. மற்ற நாட்களில் மாலை ஐந்தரைக்கு மாடியில், கைப்பிடிச் சுவர் ஓரமாக. படியேற நடுவில் ஒரு முறை நிற்கிறார். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் செய்தார். இரண்டாவது வாரம் இரண்டு நாள் எழவே முடியவில்லை, விட்டுவிட்டோம். மரமரப்பு அப்படியேதான் இருக்கிறது. அசதியும் போய்விடவில்லை, ஆனால் மத்தியானம் படுத்தால் எழுந்த பிறகு கொஞ்சம் தெளிவாக இருப்பதாகச் சொல்கிறார். ராத்திரி 2 மணிக்கு எழுவது வாரத்தில் ஏழு நாளாக இருந்தது, இப்போது மூன்று நாள். அப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் "நீ படு" என்று சொல்வதில்லை.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் வாளியில் கிடந்த துண்டை எடுத்துப் பிழியப் போனார். நான் பிழிந்து கொடுத்தேன். மாடிக் கொடி அவருக்கு எட்டாது என்று தம்பி தோள் உயரத்தில் தனியாக ஒரு கயிறு கட்டியிருந்தான். இடது கையால் அதில் துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துச் சரி செய்தார். பிறகு கொடியை ஏன் இவ்வளவு தாழ்வாகக் கட்டியிருக்கிறான், காற்றில் துணி தரையைத் தொடாதா என்று தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

பிசியோ சகோதரரே, கை அளவு மூன்று வாரமும் மாறவில்லை. கொடியை ஒரு சாண் உயர்த்திக் கட்டலாமா?

பிசியோ_அரியாங்குப்பம்:

அரைச் சாண் உயர்த்துங்கள். துண்டு, பாவாடை போடலாம். ஈரப் புடவை வேண்டாம். அடுத்த ஞாயிறு கையை அளந்துவிட்டு எழுதுங்கள், மீதி அரைச் சாணைப் பார்ப்போம்.